எந்தப் போட்டோ போடுவீங்க?

தான் செத்துப்போன சேதி ஜெகதீஷுக்கு எட்டியபோது அவன் ஷிப்டு முடிந்து, லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, ஓசூர் சிப்காட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். போனில் எக்கச்சக்கமான மிஸ்டு கால். அம்மா, மாமா, அம்மா, பால் சொசைட்டிக்காரர், மறுபடி அம்மா. கூப்பிட்டால் அம்மா சரோஜம்மாள் அழவில்லை, திட்டினாள்.

"ஏன்டா, உசுரோடதான இருக்கற? காவேரிப்பட்டினத்துல இருந்து உங்க மாமன் மாலையோட வந்து எறங்கிட்டான்டா. வாசல்ல நான் தக்காளி தரம் பிரிச்சிக்கினு இருக்கறன், அவன் மாலைய கையில வெச்சிக்கினு திருதிருன்னு முழிக்கறான். நல்ல நாள்லகூட அந்த மனுசன் நம்ம வூட்டுக்கு ஒரு முழம் பூ வாங்கினு வந்ததில்ல!"

நடந்தது இதுதான். ஜெகதீஷின் ஊர்க்காரன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, ஓசூரில் ஒரே அறையில் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவன் நவீன்குமார். போன வாரம் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் ஊரில் எல்லாக் காரியமும் முடித்துவிட்டு ஜெகதீஷ் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தான். அதற்குள் 'எல்லை மின்னல்' என்ற யூடியூப் சேனல் அந்தச் சாவை எடுத்து வீடியோ போட்டுவிட்டது. "காதலி ஏமாற்றியதால் கம்பெனி ஊழியர் விபரீத முடிவு! கடைசி நிமிடங்கள்!" என்று தலைப்பு.

நவீனுக்குக் காதலி என்று ஒருத்தி கிடையவே கிடையாது. வருஷக்கணக்காகத் தூக்கம் பிடிக்காமல், சாப்பாடு இறங்காமல், என்னடா என்று கேட்டால் "ஒண்ணியும் இல்லடா" என்று சிரித்துக்கொண்டே திரிந்தவன் அவன். ஏன் என்று பெற்ற தாய்க்கே இன்னும் தெரியாது. தெரியாது என்பதை எல்லாம் தலைப்பில் போட்டால் எவன் பார்ப்பான்? காதலி என்றால் பார்ப்பான். பின்னால் சோக வயலின், சிவப்பு வட்டம், அம்புக்குறி. எந்த இடத்தில், எப்படி, எதைக்கொண்டு என்று ஒரு பெண்குரல் சமையல் குறிப்பு சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. அது என்னவென்று இந்தக் கதையில் வராது. வந்தால் அப்புறம் இந்தக் கதைக்கும் அந்தச் சேனலுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த முகம் நவீனுடையது இல்லை. ஜெகதீஷுடையது.

இந்தக் கூத்துக்குக் காரணம் ஒரு பிளக்ஸ். 'எல்லை மின்னல்' நடத்தும் அசோக்குமாருக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை உண்டு. அங்கே முன்பக்கம் பிளக்ஸ் அடிப்பார்கள், பின்பக்கம் சேனல். காதுகுத்து, கல்யாணம், புதுமனை, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் எது நடந்தாலும் முகம் அவனுடைய கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் சுவருக்கு வரும். போன பொங்கலுக்கு ஜெகதீஷ் ஊரில் எருது விடும் விழாவுக்கும் அவனிடம்தான் பிளக்ஸ் அடித்தார்கள். ஊர் இளைஞர்கள் அத்தனை பேரும் கூலிங் கிளாஸ் போட்டு வரிசையாக நிற்க, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர். அதில் ஜெகதீஷ் முகத்துக்குக் கீழே நவீன்குமார் என்றும், நவீன் முகத்துக்குக் கீழே ஜெகதீஷ் என்றும் மாற்றி அடித்துவிட்டான். விடிந்தால் விழா. திரும்ப அடிக்க நேரமில்லை.

பிளக்ஸைக் கட்டும்போது நவீன் விழுந்து விழுந்து சிரித்தான். "வுட்றா. இந்த வருசம் நீ நவீனு, நான் ஜெகதீசு. உனக்குப் பொண்ணு பாக்கறாங்க இல்ல? அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துதான் சரின்னு சொல்லப்போவுது." பொங்கல் முடியும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் மாற்றித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்போது செய்திக்கு முகம் தேடிய அசோக்குமார், அந்தப் பழைய பிளக்ஸைத் திறந்து, பெயரைப் பார்த்து, மேலே இருந்த முகத்தை வெட்டி ஒட்டிவிட்டான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நவீனின் அம்மா நாகம்மாள் கூப்பிட்டாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"ஜெகா, எம்புள்ள மூஞ்சிய அவனுங்க போடலப்பா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு. அவன் தங்கச்சி சத்யாவோட காலேஜில எல்லார் போன்லயும் அதுதான் ஓடுதாம். அவ அண்ணன்தான்னு ஒருத்தருக்கும் தெரியல. தெரிஞ்சா அவ அங்க எப்பிடி ஒக்காந்து படிப்பா?" கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா உன் மூஞ்சி வந்துடுச்சே சாமி. உங்கம்மா முன்னால நான் எப்பிடிப்பா நிப்பேன்?"

அவள் வைத்ததும் அம்மா மறுபடி. "நாளைக்கே போயி மாத்தச் சொல்லு. நவீன் போட்டோ உங்கிட்ட இருக்கும் இல்ல, குடுத்துட்டு வா. பொண்ணு வூட்டுக்காரங்க போனையே எடுக்க மாட்டேங்கறாங்க."

ஜெகதீஷ் "பாக்கறேன்மா" என்று மட்டும் சொன்னான்.

அறைக்கு வந்தபோது அழகர்சாமி சுவரோரம் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அழகர்சாமி மதுரைப் பக்கம். இவர்களோடு அந்த அறையில் மூன்றாவது ஆள். கான்ட்ராக்ட் முடிந்து கம்பெனி வெளியே அனுப்பியதிலிருந்து ஊருக்கும் போகாமல், வேறு வேலையும் தேடாமல் அந்தச் சுவரோரமே கதியாகக் கிடந்தான். போனிலிருந்து அந்த வயலின் கேட்டது. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து கேட்டது.

"அத நிறுத்துடா."

"பாருண்ணே, எத்தன லட்சம் பேரு பாத்திருக்காய்ங்க. உசுரோட இருக்கையில நவீன்ட்ட ஒருத்தன் நின்னு பேசிருப்பானா? இப்பக் கீழ பாரு, அம்புட்டுப் பேரும் அழுறாய்ங்க." அவன் திரையை மேலே தள்ளிக்கொண்டே, சாதாரணமாக, நாளைக்கு என்ன குழம்பு என்பதுபோலக் கேட்டான். "ஏண்ணே, நான்னா எந்தப் போட்டோவப் போடுவாய்ங்க? நம்மட்ட நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்லையே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நவீனும் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பஸ்ஸில் வரும்வரை ஜெகதீஷின் கோபமெல்லாம் தன் முகத்துக்காக. மாலையோடு வந்த மாமா, போனை எடுக்காத பெண்வீடு, ஊர் வாய். அந்தக் கேள்வியைக் கேட்டபிறகு அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்த வீடியோ ஒருத்தன் சாவைத் தின்றுவிட்டு இப்போது பக்கத்துப் பாயில் கிடப்பவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. முட்டைக் குழம்பு வைத்து அழகர்சாமியைக் கட்டாயப்படுத்தி எழுப்பிச் சாப்பிட வைத்தான். அவனை ஒட்டியே பாயைப் போட்டுக்கொண்டான். காலையில் லீவு சொல்லிவிட்டு, "சட்டையப் போடு. எங்கூட வா" என்றான்.

"எங்கண்ணே?"

"என் சாவு வீட்டுக்கு."

கடையில் பிளக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் பாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாராயணம்மா என்ற அம்மாள், மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு பிளக்ஸ் சொல்ல உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தப் பெண் பட்டுப்பாவாடையில் வெட்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மௌஸைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்துக்குப் பூ பார்டர் போட்டுக்கொண்டிருந்த அசோக்குமார் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றான்.

"தம்பி... நீங்க..."

"ஆமா, செத்தவன்தான். டீ சொல்லுங்க."

அசோக்குமார் உண்மையிலேயே டீ சொன்னான். அவன் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பெயர் மாறியதைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயையோ, பெரிய தப்பு நடந்துபோச்சு தம்பி. மன்னிச்சுக்குங்க. ரெண்டே நிமிசம், மாத்திடறேன். அப்ப பக்கத்துல இருக்கற பையன்தானே அவரு?" என்று பழைய பிளக்ஸைத் திறக்கப் போனான்.

ஜெகதீஷ் எட்டி மௌஸின் மேல் கையை வைத்தான்.

"மாத்த வேணாம்."

"என்ன தம்பி?"

"என் மூஞ்சியே இருக்கட்டும். போன பொங்கலுக்கே நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கிட்டோம். இந்த வருசம் முடியற வரைக்கும் நான்தான் நவீனு. எனக்கு வாய் இருக்குது, உங்கிட்ட வந்து கேப்பேன். அவனுக்கு இல்ல. அவன் மூஞ்சிமேல நீ கை வெக்கக்கூடாது."

அசோக்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் எவனும் இப்படி வந்து கேட்டதில்லை. "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"வீடியோவ எடு."

"அது எப்படி தம்பி? அது செய்தி. நடந்ததத்தானே போட்டிருக்கோம். ஒரு விழிப்புணர்வுக்காகத்தான்..."

"என்னா விழிப்புணர்வு? எப்பிடிச் சாவறதுன்னா?" ஜெகதீஷின் குரல் மெஷின் சத்தத்தையும் தாண்டியது. நாராயணம்மா திரும்பிப் பார்த்தாள். "காதலின்னு போட்டிருக்கறயே, யாரு அவ? பேரு சொல்லு. கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்கறவன் எவனோ சொன்னான், நீ போட்டுட்ட. அவன் எங்க நின்னான், கையில என்னா இருந்துச்சுன்னு வரைஞ்சு காட்டியிருக்கறயே, அத வெச்சிக்கினு யாரு என்னா செய்யணும்? போடணும்னா போடு. ஒரு புள்ள செத்துப்போயிட்டான்னு போடு. அவங்க வூட்டுல எல்லாரும் ஒடஞ்சு போயிருக்காங்கன்னு போடு. இப்பிடித் தோணுச்சுன்னா யார்கிட்ட பேசறதுன்னு ஒரு நம்பர் போடு. முடிஞ்சுது."

அசோக்குமார் பாவமாகச் சிரித்தான். "அத யாரு தம்பி பாப்பாங்க?"

ஜெகதீஷ் வாசல் பக்கம் நின்றிருந்த அழகர்சாமியைக் காட்டினான். "இவன் பாப்பான். இவன் ஒருத்தன் பாத்தா போதும்."

அசோக்குமாரின் கண் அழகர்சாமி மேல் போனது. செய்திக்காரன் கண். "நீங்களும் ரூம்மேட்டா தம்பி? நீங்க சொல்லுங்க, உங்க ஃப்ரெண்ட பத்தி நாலு வார்த்தை. நல்ல விதமாவே போடலாம். அவரு கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாரு?" பேசிக்கொண்டே மேசை மேல் கிடந்த மைக்கை எடுத்துத் துடைத்தான். "அவரோட சேர்ந்து எடுத்த போட்டோ ஏதாவது இருக்குமே?"

இருந்தது. மலைக்கோயில் படியில் மூன்று பேரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு எடுத்தது. அழகர்சாமி பையிலிருந்து போனை எடுத்தான். கான்ட்ராக்ட் முடிந்தபிறகு இந்த ஊரில் அவனை ஒருவன் முகம் பார்த்துப் பேசுவதும், வார்த்தை கேட்பதும் இதுதான் முதல் தடவை. மைக் அவன் மோவாய்க்குக் கீழே வந்துவிட்டது.

அழகர்சாமி போனைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான், திரையில் பூ பார்டருக்குள் இருந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தான்.

"அண்ணே, நான் செத்தா எந்தப் போட்டோ போடுவீங்க?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். மைக் பிடித்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"அந்த வீடியோவ எத்தனை தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாதுண்ணே" என்றான் அழகர்சாமி. "பாக்கப் பாக்க அந்த வட்டத்துக்குள்ள என் மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. அதான் கேட்டேன்."

முதலில் எழுந்தது நாராயணம்மாதான். அவள் நேராக வந்து, முன்பின் தெரியாத அந்த இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னா பேச்சுப்பா இது? பெத்தவங்க இருக்காங்களா இல்லையா உனக்கு?" அப்புறம் கையை விடாமலே அசோக்குமார் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, எங்க பாப்பா போட்டோவ அழிச்சுடு."

"அம்மா, இது வேற விசயம்மா..."

"என்னா வேற? எங்க மாமியார் செத்தப்ப அஞ்சலி பிளக்ஸு உங்கிட்டதான் அடிச்சோம். எங்க வூட்டுக் கல்யாணப் போட்டோ உங்கிட்ட இருக்குது. நாங்க நம்பிக் குடுத்தோம். நாளைக்கு எதுக்கு எதை எடுத்து ஒட்டுவேன்னு யாருக்குத் தெரியும்? அழி. நான் பாக்கணும்."

ஜெகதீஷ் டீ கிளாஸை மேசையில் வைத்தான். "நான் இன்னிக்கி லீவு போட்டிருக்கறேன். நாளைக்கும் போடுவேன். உயிரோட இருக்கறவன செத்தவன்னு போட்டதுக்கு ஸ்டேஷனுக்கும் போவேன். அதுக்கு முன்னால இதே மூஞ்சியோட உன் கடை வாசல்ல நிப்பேன். பிளக்ஸு சொல்ல வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்தம்மா கேட்டதத்தான் கேக்கச் சொல்லுவேன்."

அசோக்குமார் நாற்காலியில் உட்கார்ந்தான். நாராயணம்மாவின் மகள் படம் முதலில் அழிந்தது. அப்புறம் அவன் சேனலைத் திறந்து, வீடியோவைத் தேடி, கொஞ்ச நேரம் அந்தப் பார்வை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அழித்தான். அழித்துவிட்டு, ஜெகதீஷ் முகத்தைப் பார்க்காமலே, "ஏதோ நம்பர் போடச் சொன்னீங்களே, அது என்ன?" என்றான்.

"14416. மனசு சரியில்லன்னா எந்நேரமும் கூப்பிடலாம். அரசாங்க நம்பர். காசு கெடையாது."

அதைச் சேனலில் பெரிய எழுத்தில் போட்டான். காதலி விஷயம் பொய் என்றும், வீடியோ போட்டது தவறு என்றும் இரண்டு வரி போட்டான். அப்புறம் தயங்கி, "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு மறுப்பு போடணும்னா அந்தப் பையன் யாருன்னு சொன்னாத்தானே தம்பி புரியும்? இல்லன்னா ஊரு உங்களத்தானே நெனச்சுக்கும்" என்றான்.

"நெனச்சுக்கட்டும். நான் வூடு வூடாப் போயி நின்னு காட்டிக்கறேன்."

வாட்ஸ்அப்பில் போனது போனதுதான், அதை எவன் கையிலிருந்தும் பிடுங்க முடியாது. அது ஜெகதீஷுக்கும் தெரியும். அழகர்சாமி போனிலேயே ஒன்று இருந்தது. அதனால் கடையை விட்டு இறங்கியதும், எதிரே டீக்கடை ஓரத்தில் அவனை நிறுத்தி, இத்தனை நாள் நவீனிடம் கேட்கப் பயந்ததை இவனிடம் நேராகக் கேட்டான்.

"அழகரு. சாவணும்னு தோணுதாடா?"

அழகர்சாமி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது. "ஆமாண்ணே" என்றான். பஸ் ஸ்டாண்டு ஜனம் முழுக்கப் பார்க்கும்படி அழுதான். ஜெகதீஷ் அவன் தோளைக் கட்டிக்கொண்டு நின்றான். பார்க்கட்டும். இதைப் பார்க்கத்தான் வேண்டும். பெங்களூர் பஸ் கண்டக்டர் ஒருவர் என்ன ஆச்சு என்று கன்னடத்தில், "ஏனாய்த்து?" எனக் கேட்டார். "உசுரோட இருக்கறோம் சார், அவ்வளவுதான்" என்றான் ஜெகதீஷ்.

அந்த நம்பருக்கு அழகர்சாமியே போன் போட்டான். சுவரோரமாகத் திரும்பி நின்று பேசினான். முதலில் ஒன்றிரண்டு சொல், அப்புறம் நிறைய. பேசி முடித்து வந்தபோது ஜெகதீஷ் வாங்கி வைத்த போண்டா ஆறிப்போயிருந்தது. அதைத் தின்றான்.

"நாளைக்கும் பேசச் சொல்றாய்ங்க. பெரியாஸ்பத்திரியில டாக்டரப் பாக்கச் சொன்னாய்ங்க. எங்கம்மாட்டயும் சொல்லச் சொல்றாய்ங்க."

"எல்லாம் செய்யலாம். நான் வர்றேன்." ஜெகதீஷ் கையை நீட்டினான். அழகர்சாமி புரிந்துகொண்டு, போனைத் திறந்து, அந்த வீடியோவை அவனே அழித்தான். மலைக்கோயில் படியில் எடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டான்.

அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். "என்னடா, மாத்திட்டானா?"

"மாத்தலம்மா. எடுத்துட்டான்."

"அப்ப நவீன் மூஞ்சி?"

"எங்கயும் வராது."

"நாகம்மா வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வர்றேன்" என்றாள். கூடவே, "அப்ப பொண்ணு வூடு?" என்றாள்.

"உசுரோட இருக்கறவனுக்கு மெதுவாப் பொண்ணு பாக்கலாம்மா. நீ போயி சொல்லிட்டு வா."

போனை வைத்தவன், அதே போனைத் தூக்கி அழகர்சாமி பக்கம் நீட்டினான். "அந்தச் செவுத்துல போஸ்டர் இல்லாத எடமாப் பாத்து நில்லு."

"எதுக்குண்ணே?"

"எந்தப் போட்டோ போடுவாங்கன்னு கேட்ட இல்ல? வர்ற பொங்கலுக்கு எங்கூரு எருது விடற பிளக்ஸ்ல போடப்போறேன். வேற கடையில அடிச்சிக்கலாம்."

"நான் உங்கூருக்காரன் இல்லையேண்ணே."

"அதுக்கென்னா? ஆனா நேர்ல வரணும். உன் மூஞ்சிக்குக் கீழ உன் பேருதான் இருக்குதான்னு நீதான் பாத்துச் சொல்லணும். எங்களுக்கு ஒரு தடவ மாறிப்போச்சு."

ஜெகதீஷ் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். அழகர்சாமி சுவரில் சாய்ந்தான், நிமிர்ந்தான், சட்டைப் பொத்தானைப் போட்டான்.

"இருண்ணே" என்றான். "தலையச் சீவிக்கிறேன்."